அரிக்கமேட்டில் ஜயித்தது யார்?

"ரோமாபுரிக்காரன் இங்கே வந்து நம்மகிட்ட தோத்தானா, ஜயிச்சானா, மாமா?"

இந்தக் கேள்வியைக் கேட்டவன் பன்னிரண்டு வயதுப் பாலகன். நம் அருமை நண்பர் ஒருவரின் ஏக புத்திரன். கேட்ட இடம் அரிக்கமேடு. புதுச்சேரிப் பட்டணத்திலிருந்து கடலூர்ச் சாலையில் தெற்கே சென்று, அரியாங்குப்பத்துப் பாலத்தைத் தாண்டி, வீராம்பட்டினம் போகும் பாதையில் திரும்பினால் காக்காயன்தோப்பு என்னும் சிற்றூர் வரும். அதை அடுத்து, ஆறு கடலை நோக்கி வளையும் கரையிலே, மாவும் தென்னையும் அடர்ந்த ஒரு மேடு. நகரத்திலிருந்து நான்கு கிலோமீட்டர் தூரந்தான். பெயர் பெரிது, பார்ப்பதற்கோ அங்கே அதிகம் ஒன்றுமில்லை.

பையன் முதல் நாள் இரவு தொலைக்காட்சியில் ஒரு சினிமா பார்த்திருந்தான். 2015-ஆம் ஆண்டில் வெளிவந்த 'டிராகன் பிளேடு' என்ற சீனப் படம். பட்டுப்பாதையைக் காக்கும் சீனத் தளபதியாக ஜாக்கி சான். வழி தவறிப் பாலைவனத்துக்கு வந்து சேரும் ரோமானியப் படைத்தலைவனாக ஜான் கியூசாக். முதலில் இருவரும் வாளெடுத்து மோதுகிறார்கள், பிறகு நண்பர்களாகிறார்கள், கடைசியில் பொதுப் பகைவன் ஒருவனோடு சேர்ந்து போரிடுகிறார்கள். ரோமானியர் சீனம் வரைக்கும் போயிருந்தால் வழியிலே புதுச்சேரியை விட்டிருப்பார்களா? விடவில்லை என்று அவனுடைய பள்ளிப் புத்தகம் சொல்கிறது. வந்தவர்கள் சண்டை போடாமல் போயிருப்பார்களா? அது மட்டும் அவனுக்கு நம்பக் கூடியதாகத் தோன்றவில்லை.

மேட்டில் இடிந்து நின்ற செங்கற் சுவரையும் தூண்களையும் கண்டதும் பையனுடைய கண்கள் பிரகாசித்தன. "இதுதானே அவங்க கோட்டை?" என்றான். இல்லை என்று சொல்ல நமக்கே மனம் வரவில்லை. ஆனால் அந்தச் சுவர்கள் 18-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பாதிரிமார் தங்கள் மாணாக்கருக்காகக் கட்டிய கட்டடத்தின் மிச்சம். ரோமானியர் காலத்துக்கும் அதற்கும் இடையே 1,700 வருஷங்கள் கிடக்கின்றன. கோட்டையுமில்லை, போர்க்களமுமில்லை என்றவுடன் பையன் முகத்தில் ஏற்பட்ட ஏமாற்றத்தைப் பார்த்த பிறகுதான் இக்கட்டுரையை எழுதவேண்டும் என்ற எண்ணம் நமக்கு உண்டாயிற்று. ஏனெனில் அந்த ஏமாற்றம் அவன் ஒருவனுடையது அல்ல. பண்டை ஜாதியார் இருவர் சந்தித்தார்கள் என்றால் வாளும் கேடயமும் மோதியே தீரவேண்டும் என்று நமக்கு எல்லாம் வெள்ளித்திரை கற்பித்து வைத்திருக்கிறது.

இந்த மேட்டின் கதையே ஒரு சினிமாவுக்குப் போதும். சுக்கிரன் சூரியனைக் கடந்து செல்வதைப் புதுச்சேரியிலிருந்து பார்ப்பதற்காக ல ஜான்டில் என்னும் பிரெஞ்சு வான சாஸ்திரி கப்பலேறினார். 1761-ல் அவர் நெருங்கியபோது ஊர் ஆங்கிலேயர் வசமாகிவிட்டது, இறங்க முடியவில்லை. அடுத்த சந்தர்ப்பத்துக்காக எட்டு வருஷம் கீழ்த் திசையிலேயே காத்திருந்தார். 1769-ல் புதுச்சேரியில் எல்லா ஏற்பாடுகளுடனும் தொலைநோக்கியின் முன் உட்கார்ந்தார். குறித்த வேளையில் மேகம் வந்து சூரியனை மறைத்துவிட்டது! அந்தப் பரிதாபத்துக்குரிய மனிதர்தான், இந்த ஆற்றங்கரையில் ஜனங்கள் பெரிய பழஞ்செங்கற்களைப் பெயர்த்து எடுப்பதைக் கண்டு எழுதி வைத்தவர். அவை வீரராகவன் என்ற அரசனின் கோட்டைக் கற்கள் என்று ஊரார் அவரிடம் சொன்னார்களாம். ஆகவே, கோட்டை இருக்கவேண்டும் என்ற ஆசை நம் பையனுக்குப் புதிதாக வந்ததன்று.

பிறகு 1937 வாக்கில் ழுவோ துப்ரேய் என்ற பிரெஞ்சு அறிஞர், இங்குள்ள சிறுவர்கள் பொறுக்கி வந்த மணிகளையும் கற்களையும் விலை கொடுத்து வாங்கினார். அவற்றுள் மனிதத் தலை செதுக்கிய சிறு முத்திரைக்கல் ஒன்று இருந்தது. அத்தலை ரோமச் சக்கரவர்த்தி அகஸ்டஸினுடையது என்று அவர் கருதினார். சென்னை அரும்பொருட்சாலையில் இந்த மேட்டிலிருந்து போன ஒரு மதுச்சாடித் துண்டைக் கண்டு திடுக்கிட்ட மார்ட்டிமர் வீலர், புதுச்சேரிப் பொது நூலகத்துக்கு வந்து அங்கிருந்த ஓடுகளையும் பார்த்தார். 1945-ல் அவர் மண்வெட்டி பிடித்தார். பிரிட்டிஷ் இந்தியாவின் தொல்பொருள் துறைத் தலைவர் பிரெஞ்சுக்காரர் நிலத்தில் தோண்டினார் என்பதும், தோண்டிக் கண்டது அவ்விருவருக்கும் முந்திய மேனாட்டார் சுவடு என்பதும் ஒரு வேடிக்கை. அவருக்குப் பின் 1947 முதல் 1950 வரை கஸால் என்ற பிரெஞ்சுக்காரரும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி அம்மையாரும் தோண்டினார்கள்.

கிடைத்தவை யாவை? இத்தாலி தேசத்து அரெஸ்ஸோ வகைச் சிவப்பு மெருகுப் பாண்டங்கள், குயவர் முத்திரையோடு. மத்தியதரைக் கடல் நாடுகளின் திராட்சை மதுவைச் சுமந்து வந்த இரட்டைக் கைப்பிடிச் சாடிகள். தமிழ் பிராமி எழுத்துக் கீறிய நம்மூர்ப் பானை ஓடுகள். எல்லாவற்றுக்கும் மேலாகக் கண்ணாடி மணிகளும் கல் மணிகளும், அவற்றைச் செய்த பட்டறையின் கழிவுகளும். இந்த வகைக் கண்ணாடி மணிகள் கடல் கடந்து தென்கிழக்காசியத் துறைமுகங்களிலும் கிடைத்திருக்கின்றன. வீலர் இதை ரோமானியர் வந்து அமைத்த வியாபார ஸ்தலமாகவே நினைத்தார். பெக்லி அம்மையாரின் ஆராய்ச்சி அதைத் திருப்பிப் போட்டது. ரோமானியச் சரக்கு வருவதற்கு முன்பே, கி.மு. 2-ஆம் நூற்றாண்டுக்குக் குறையாமல், இங்கே நம்மவரின் துறைமுகம் நடந்துகொண்டிருந்தது. கிரேக்க மாலுமி ஒருவன் எழுதிய 'பெரிப்ளஸ்' என்னும் நூல் பொதுகே என்று குறிப்பிடும் துறை இதுவே என்று அறிஞர் பலர் கொள்கிறார்கள். யவனன் வந்து நமக்கு ஊர் உண்டாக்கித் தரவில்லை; இருந்த ஊருக்கு அவன் வந்தான்.

போர் ஒன்று நடந்ததாகத் தோண்டியவர்களில் எவரும் சொல்லவில்லை. இதைச் சொன்னபோது பையன், "வெறும் சட்டி பானைதானா!" என்று உதட்டைப் பிதுக்கினான்.

அவனை நாம் எப்படிக் குறை கூறுவது? இந்த ஊரிலே மேனாட்டாருடன் நம்மவர் சந்தித்ததெல்லாம் பெரும்பாலும் பீரங்கி வாயிலேதான். பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் புதுச்சேரியை மாறி மாறிப் பிடித்தார்கள். 1954-ஆம் வருஷம் நவம்பர் முதல் தேதிதான் பிரெஞ்சு ஆட்சி கைமாறியது. பையனின் பாட்டனார் பிரெஞ்சுக் கொடியின் கீழ்ப் பள்ளிக்கூடம் போனவர். அந்நியன் வந்தான் என்றால் ஜயித்தானா, தோற்றானா என்று கேட்பது இவ்வூர்க் குழந்தைக்கு இயல்பே.

அந்தக் காலத்தைப் பற்றி ஒரு படம் வந்திருக்க வேண்டியது. இளமையில் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரரிடம் வேலை பார்த்து, பின்னர் ஆங்கிலேயரின் சிறந்த படைத்தலைவனாகி, இறுதியில் அவர்களையே எதிர்த்து, 1764-ல் மதுரையில் தூக்கிலிடப்பட்ட மருதநாயகத்தின் சரித்திரத்தைக் கமல்ஹாசன் படமெடுக்கத் தொடங்கினார். 1997-ல் சென்னையில் நடந்த தொடக்க விழாவுக்கு வந்திருந்தவர் இங்கிலாந்து அரசி இரண்டாம் எலிசபெத்! கும்பெனியார் தூக்கிலிட்டவனின் கதைக்கு அவ்வரசியே முன்னிலை வகித்தார் என்றால் அதைவிட ருசிகரமான காட்சி படத்தில் இருந்திருக்குமா என்பது சந்தேகம். படம் நின்றுபோயிற்று.

நின்றுபோகாமல் வந்த படங்களைப் பார்ப்போம். நம் நாட்டிலே வாட்சண்டைக்கு 1948-ல் வெளிவந்த ஜெமினியின் 'சந்திரலேகா' வழி காட்டியது. ரஞ்சனும் எம். கே. ராதாவும் அதன் முடிவில் போட்ட கத்திச் சண்டையை அக்காலத்தவர் வாய் ஓயாமல் பேசினார்கள். சிலம்பத்தைத் திரையில் ஏற்றி வைத்த புகழ் எம். ஜி. ஆருடையது, 'பெரிய இடத்துப் பெண்' (1963), 'ரிக்‌ஷாக்காரன்' (1971) ஆகிய படங்களில் கம்பு சுழன்ற வேகம் இன்றைக்கும் பார்க்கத் தக்கது. ஆனால் இவையெல்லாம் உள்ளூர்ச் சண்டைகள். வேற்று நாட்டாரோடு தமிழன் பண்டைக் காலத்தில் சந்தித்ததைக் காட்டி, பட்டிதொட்டியெல்லாம் பேச வைத்த படம் 2011 தீபாவளிக்கு வந்த 'ஏழாம் அறிவு'தான்.

காஞ்சிபுரத்துப் பல்லவ ராஜகுமாரன் போதிதர்மன் மலையும் பாலைவனமும் கடந்து சீனத்துக்குப் போகிறான். கொள்ளை நோயைத் தீர்க்கிறான். தற்காப்புக் கலையைக் கற்பிக்கிறான். அவன் உடல் அந்த மண்ணிலேயே இருக்கவேண்டுமென்று அவ்வூரார் அவனுக்கு விஷமிடுகிறார்கள். சூர்யா போதிதர்மனாக நடித்த அந்த முற்பகுதியைக் கண்டு மெய்சிலிர்க்காதவர் இலர். குங்பூ நம்முடையது என்று மாணாக்கர் மார் தட்டிக்கொண்டார்கள். மாணாக்கர் என்ன, நாமே ஒரு பள்ளி ஆண்டு விழாவில் அவ்வாறே முழங்கிப் பலத்த கரகோஷம் பெற்றோம். அந்தக் கரகோஷத்தின் கடனை இங்கே தீர்த்துக்கொள்வது நம் கடமை.

போதிதர்மர் என்ற துறவி இருந்தார் என்பதிலும், தியான பௌத்தத்தார் அவரைத் தங்கள் முதல் குருவாகப் போற்றுகிறார்கள் என்பதிலும் ஆட்சேபமில்லை. ஆனால் அவரைக் குறிப்பிடும் மிகப் பழைய சீன நூல், கி.பி. 547 வாக்கில் யாங் சுவான்ச்சி என்பவர் லோயாங் நகரத்து விகாரங்களைப் பற்றி எழுதியது. அது அவரை மேற்றிசையிலிருந்து வந்த பாரசீகர் என்கிறது. தான்லின் என்ற மற்றொருவரோ அவரைத் தென்னிந்திய அரசர் ஒருவரின் மூன்றாவது மைந்தர் என்கிறார். நம் கட்சிக்குச் சாதகம் இதுதான். ஆனால் இவ்விருவரில் ஒருவரும் அவர் குத்துச்சண்டை கற்பித்ததாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தப் பேச்சு அவருக்கு ஆயிரம் வருஷத்துக்குப் பின், 1624-ஐ ஒட்டி எழுதப்பட்ட ஒரு தேகப்பயிற்சி நூலை அவர் தலையில் ஏற்றியதிலிருந்து புறப்பட்டது. அதை ஊரெல்லாம் பரப்பியது 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீனப் பத்திரிகையில் வெளியான ஒரு தொடர்கதை. பத்திரிகைத் தொடர்கதைகளின் மகிமையை எங்களைப் போன்றவர்கள் குறைத்துச் சொல்லமாட்டோம். என்றாலும் சரித்திரத்துக்கு அது சாட்சியாகாது. 1930-லேயே தாங் ஹாவ் என்ற சீன அறிஞர் இந்தக் கர்ண பரம்பரையை மறுத்து எழுதிவிட்டார்.

ஷாவோலின் மடத்துத் துறவிகள் போரிட்டது வாஸ்தவம். 621-ல் டாங் வம்சத்து லீ ஷிமினுக்கு அவர்கள் உதவியதை 728-ல் நாட்டிய கல்வெட்டு அம்மடத்திலேயே சொல்கிறது. அவர்களுடைய தலையாய ஆயுதம் வாளன்று, குத்துமன்று, கம்பு! அந்தக் கம்பு வித்தையைத் தங்களுக்கு அருளியவர் யார் என்று அவர்கள் சொன்னார்கள் தெரியுமா? 17-ஆம் நூற்றாண்டில் செங் சோங்யூ என்ற வீரர் எழுதிய ஷாவோலின் கம்பு நூலின்படி, அவர் கின்னர ராஜன். நம் புராணங்களில் கந்தர்வரோடு சேர்ந்து வீணை வாசிக்கிற அதே கின்னரர்தான், பௌத்தத்தோடு இமயத்தைத் தாண்டிப் போய், சீனத்து மடத்தில் கம்பு சுழற்றுகிறார். பாட்டுக்காரர் பயில்வானாகிவிட்டார்! இந்தியாவிலிருந்து சீனத்துக்குப் போன சரக்கு என்ன என்பதற்கு இதைவிட இனிய சான்று வேண்டுமா? அதைப் படமெடுத்தவர் யாரையும் காணோம். கின்னரரிடம் பல்லவ முத்திரை இல்லையல்லவா!

பையன் பார்த்த சீனப் படமும் இதே ஜாதிதான். கி.மு. 53-ல் பார்த்தியரிடம் தோற்றுச் சிறைப்பட்ட ரோமானியப் போர்வீரர் சிலர் சீன எல்லை வரை போய்க் குடியேறினர் என்று மேனாட்டுப் பேராசிரியர் ஒருவர் ஊகம் செய்தார். ஆராய்ச்சியாளர் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. ஆயினும் அப்படத்தில் ஒரு பகுதி நமக்குப் பிடித்தது. பாழடைந்த எல்லைக் கோட்டை ஒன்றைக் குறித்த கெடுவுக்குள் கட்டி முடிக்கவேண்டும். ரோமானியர் தங்கள் கட்டட சாஸ்திரத்தைக் காட்டுகிறார்கள். பல பாஷை பேசும் பல இனத்தாரும் கல் சுமக்கிறார்கள். படம் முழுவதிலும் நம்பக்கூடிய சந்திப்பு அதுதான். படமுதலாளிகளுக்கும் அது தெரியும் போலும். தெரிந்தும் சீக்கிரம் முடித்துக்கொண்டு சண்டைக்குத் திரும்பிவிடுகிறார்கள்.

அப்படியானால் யவனருக்கும் நமக்கும் இடையே ஆயுதப் பேச்சே கிடையாதா? உண்டு. இங்கேதான் நம் பழந்தமிழ் நூல்கள் சினிமாவைக் காட்டிலும் சுவையான சேதி சொல்கின்றன. முல்லைப்பாட்டைத் திறந்து பாருங்கள். போருக்குச் சென்ற அரசனின் பாசறை, நள்ளிரவு. அவனுடைய பள்ளியறைக்கு வெளியே காவல் நிற்பவர் யார்? மேற்சட்டை அணிந்த, வலிய யாக்கையுடைய, பார்க்க அச்சந்தரும் யவனர்! சிலப்பதிகாரத்தில் மதுரைக் கோட்டை வாயிலைக் காப்பவரும் வாளேந்திய யவனர்தான். தமிழ் அரசன் தன் தூக்கத்தை அந்நிய வாளிடம் ஒப்படைத்திருக்கிறான்.

மோதலும் ஒன்று உண்டு. பதிற்றுப்பத்தில் இரண்டாம் பத்துக்குப் பிற்காலத்தார் சேர்த்த பதிகம் இமயவரம்பன் நெடுஞ்சேரலாதனின் செய்கைகளைச் சொல்கிறது. கடுஞ்சொல் பேசிய யவனரைப் பிடித்துக் கட்டி, தலையில் நெய்யை வார்த்து, கைகளைப் பின்னால் பிணித்து, அவர்களிடமிருந்து விலையுயர்ந்த கலங்களையும் வயிரங்களையும் அவன் கைப்பற்றினானாம். கடலிலா, கரையிலா, எதன்பொருட்டு என்பதற்கு விளக்கமில்லை. வியாபாரத் தகராறு என்று நினைக்கவே நமக்குத் தோன்றுகிறது. கைப்பற்றிய சாமான்களைப் பாருங்கள்! வென்ற சேரனைப் பாடியவன் தோற்ற யவனனின் பெயரைக் கூடச் சொல்லவில்லை.

அதே காலத்து யவனரைப் பற்றி மற்றப் பாடல்கள் சொல்வது வேறு. பொன்னோடு வந்து மிளகோடு திரும்பும் அவர்கள் கப்பலை அகநானூறு காட்டுகிறது; நல்ல கலத்தில் அவர்கள் கொண்டுவந்த மதுவைப் பாண்டியன் பருகுவதைப் புறநானூறு காட்டுகிறது; அவர்கள் செய்த பாவை விளக்கு நெடுநல்வாடையின் அரண்மனையில் எரிகிறது. எகிப்து தேசத்தில் கிடைத்து இப்போது வியன்னாவில் இருக்கும் பாபிரஸ் சீட்டு ஒன்று, நம் முசிறித் துறையிலிருந்து 'ஹெர்மபோலன்' என்ற கப்பலில் போன சரக்கின் கணக்கையும், அதன்மேல் வாங்கிய கடனின் நிபந்தனைகளையும் சொல்கிறது. கி.பி. 2-ஆம் நூற்றாண்டுக் கடன் பத்திரம்! காலக்கெடு, ஈடு, தவறினால் பறிமுதல், எல்லாம் இருக்கின்றன. இரண்டு பழைய நாகரிகங்களின் உறவு இந்தக் கணக்கில்தான் நெடுநாள் நடந்தது.

இங்கே ரசிகர்கள் ஒன்று கேட்கலாம்: "கடன் பத்திரத்தை இரண்டரை மணி நேரம் திரையில் காட்டினால் யார் பார்ப்பார்கள்?" நியாயமான கேள்வி. சண்டை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. முல்லைப்பாட்டின் காவற்காரன் ஒருவன் போதுமே. பிறந்த ஊர் கடலுக்கு அப்பால். அரசனின் பாஷை அரைகுறை. கூலிக்கு வாள் பிடித்தவன். ஒரு நாள் பொதுகேத் துறையில் தன் நாட்டு வியாபாரிக்கும் தமிழ் வணிகனுக்கும் தகராறு. இவன் வாள் எந்தப் பக்கம் நிற்கும்? இந்தக் கேள்விக்கு விடை தேடி எந்த ரசிகனும் இரண்டரை மணி நேரம் நாற்காலி நுனியில் உட்காருவான். தமிழ் நாடகத்தின் தலைமை ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1922-ல் காலமானது இந்தப் புதுச்சேரியில்தான். அவர் பெயரால் இவ்வூர் அரசாங்கம் சிறந்த திரைப்படத்துக்குப் பரிசும் வழங்கி வந்திருக்கிறது. அந்தப் பரிசை இப்படி ஒரு கதை பெற்றால் எவ்வளவு பொருத்தமாயிருக்கும்!

அந்தச் சண்டையை எப்படி அமைப்பது என்று நாம் யோசித்துக்கொண்டே திரும்பியபோது, அரியாங்குப்பத்தை அடுத்த ஒரு தோப்பில் பிள்ளைகள் சிலம்பம் பழகுவதைக் கண்டோம். வாத்தியார் ஐம்பது வயதைத் தாண்டியவர். பகலெல்லாம் தச்சு வேலை, மாலையில் கம்பு. நம்மோடு வந்த பையன் சினிமாவைப் பற்றிப் பேச்செடுக்கவே அவர் சிரித்துவிட்டார்.

"நானும் சினிமாவுக்குப் போனவன்தான் தம்பி. பட்டணத்திலே ஒரு கம்பெனி. பத்து நாள் வேலைன்னு கூட்டிட்டுப் போனாங்க. கம்பைக் கையிலே குடுத்தாங்க. பார்த்தா, நடுவிலே பாதி அறுத்து வெச்ச கம்பு! கதாநாயகர் அடிச்சதும் ஒடியணுமாம். நான் தடுக்கக் கூடாதாம். 'ஐயா, இந்த அடியைச் சின்னப் பிள்ளைகூடத் தடுத்துடுமே'ன்னேன். மறுநாள் வரவேண்டாம்னுட்டாங்க."

ரோமானியப் போர்வீரன் ஒருவன் எதிரே வந்தால் என்ன செய்வீர்கள் என்று நாம் கேட்டோம். அவனுடைய வாளின் நீளம் என்ன என்று அவர் திருப்பிக் கேட்டார். அலகு ஏறக்குறைய இரண்டடி. பெரிய கேடயத்துக்குப் பின்னால் நின்று குத்துவதற்கானது என்றோம். அவர் சற்று நேரம் பேசவில்லை. சினிமாவிலே ரோமானியர் அந்தக் குட்டை வாளை விசிறி போலச் சுழற்றுவார்கள். குத்துவது படக் கருவியின் கண்ணுக்குத் தெரியாது, வீசுவதுதான் தெரியும் என்பதே காரணம். வாத்தியார் சினிமாக்காரரைப் போல் யோசிக்கவில்லை.

"குத்துறவனா? அப்போ பக்கத்திலே வந்தாத்தான் அவனுக்குப் பிழைப்பு. என் கம்பு புருவம் மட்டும் உயரம். அவனை வரவிடாம நான் வட்டத்திலே நிக்கணும். ஆனா கேடயம் இருக்கே! மேலே அடிச்சா ஏந்திக்குவான். காலைத்தான் பார்க்கணும். கம்பாலே காலை வாங்கணும். ஒருத்தனா வந்தா சமாளிக்கலாம். பத்துப் பேரு தோளோடு தோள் சேர்ந்து கேடயத்தை வேலி மாதிரி வெச்சுக்கிட்டு வந்தா..." என்று நிறுத்தி, "வந்தா என் கம்புக்குச் சுத்த இடமிருக்காதுங்க. ஓடிடுவேன்" என்றார்.

இந்த நேர்மை நம்மைக் கவர்ந்தது. தம் வித்தையின் எல்லையை அறிந்த ஒருவரிடமிருந்து சண்டைக் காட்சிக்கு யோசனை கேட்டால் அந்தக் காட்சி எப்படியிருக்கும்! கம்பு சுழலத் திறந்தவெளி வேண்டும். கேடயத்துக்கு வரிசை வேண்டும். ஆகவே ஆற்று மணலில் ஒருவன் ஜயிப்பான், பண்டகசாலைச் சந்தில் மற்றவன் ஜயிப்பான். இடத்தைப் பொறுத்து வெற்றி மாறுகிறது என்பதே கதைக்கு எத்தனை திருப்பங்களைக் கொடுக்கிறது!

பையனுக்கு அதற்கு மேல் பொறுமையில்லை. தோப்பில் கிடந்த ஒரு பலகையைத் தூக்கி மார்பின் முன் கேடயமாகப் பிடித்துக்கொண்டான். வலது கையில் ஒரு முழத் தென்னை மட்டை. வாத்தியார் கம்பை எடுத்துக்கொண்டு எதிரே நின்றார். பையன் பலகைக்குப் பின்னால் ஒடுங்கி மெல்ல மெல்ல முன்னேறினான். கம்பு 'விர்'ரென்று அவன் முழங்காலுக்கு நேரே வந்து, ஒரு விரற்கடை தூரத்தில் நின்றது. பையன் பலகையைக் கீழே இறக்கினான். உடனே கம்பு மேலே கிளம்பித் தலைக்கு நேரே நின்றது. பிள்ளைகள் ஆரவாரம் செய்தார்கள்.

"இப்போ நீ கம்பைப் பிடி. நான் ரோமாபுரிக்காரன்" என்றார் வாத்தியார்.

பலகையை அவர் வாங்கிக்கொண்டார். பையன் தன்னைவிட உயரமான கம்பை இரு கைகளாலும் பற்றி, கால் மாற்றி வைக்கத் தெரியாமல் தடுமாறினான். "இடது காலை முன்னே வை. என் மட்டையைப் பார்க்காதே, மணிக்கட்டைப் பார்" என்று பலகைக்குப் பின்னாலிருந்தே அவர் பாடம் சொன்னார். மூன்று தரம் பையன் மார்பில் மட்டை தொட்டது. நான்காம் தரம் எப்படியோ கம்பின் நுனி அவர் கணுக்காலைத் தட்டிவிட்டது. இதற்குள் ஆற்றுக்கு அப்பால் பொழுது சாய்ந்து, தோப்பில் முகம் தெரியாத இருட்டாகிவிட்டது.

"யார் ஜயிச்சது, வாத்தியாரே?" என்று இரைக்க இரைக்கக் கேட்டான் பையன்.

"கம்பை அங்கே மரத்திலே சாத்திட்டுப் போ. நாளைக்கு அஞ்சு மணிக்கு வா" என்றார் அவர்.